விலை எடுக்கப் போகிறவள்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு
நிறைநாழியின் நீலக் கோட்டைக் கழற்றி
ஆணியில் மாட்டிவிட்டு
பச்சைக்கூடைக்கு விலை எடுக்கப் போவேன்.
ஷேர் ஆட்டோவுக்கு மேனேஜர் இருபது ரூபாய் தருவார்.
நான் நடந்துவிடுவேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்.
டேங்கர் ரயில் ஒன்று
ஊரே தனக்குத்தான் என்பதுபோல
நின்று யோசித்துக்கொண்டிருக்கும்.
பட்டியலை நாக்குக்கடியில் உருட்டுவேன்:
துவரம்பருப்பு, கடலை எண்ணெய், பழைய பொன்னி,
எட்டு அடங்கிய நாப்கின், எறும்பு சாக்பீஸ்.
எழுதக் கூடாது.
போன வருஷம் போட்டோ எடுத்த சகாயத்தை
குடையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.
மழை நாள் அது.

பச்சைக்கூடையில் ஏசி உண்டு.
பருப்பு நூற்று அறுபத்தெட்டு.
எங்களைவிட நாலு ரூபாய் குறைவு,
ஆனால் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால்
பாதி குருணை.
தக்காளி நன்றாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும்.
எங்கள் தக்காளி மூன்று மணிக்கு மேல்
தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
சில்லறை இல்லையென்றால் அவர்கள் இஞ்சி மிட்டாய்,
நாங்கள் புளிப்பு மிட்டாய்.

அங்கே ஒருத்தி
"இன்னா வேணும்க்கா" என்று
அலமாரி அலமாரியாகப் பின்னால் வந்தாள்.
சேவையா காவலா,
கடைசிவரை பிடிபடவில்லை.
எங்கள் கடையில் யாரும் பின்னால் வரமாட்டார்கள்.
கூப்பிட்டாலும்.

வியாழக்கிழமை
எங்கள் எண்ணெய் அலமாரி முன்னால்
ஒரு பெண் உதடு அசைய நின்றிருந்தாள்.
கூடையில் ஒற்றை இஞ்சி.
எண்ணெயிடம் யாரும் அப்படி வேண்டிக்கொள்வதில்லை.
அதே ஒருத்திதான்.
"அந்த லேபிள் பழசு," என்றேன்,
"நாளைக்கு ரெண்டு ரூபா ஏறுது.
நாளைக்கு விலையையே எழுதிக்க."

பெயர் தில்ஷாத்.
அதற்குப் பிறகு கேட் அருகே டீக்கடையில்
இரண்டு கடையும் சந்தித்துக்கொண்டன.
என் இருபது, அவளுடைய பதினைந்து
(அவர்கள் பதினைந்துதான் தருகிறார்கள்),
இரண்டு டீ, ஒரு மெதுவடை பாதிப்பாதி.
நான் என் விலைகளைச் சொல்வேன், அவள் அவளுடையதை.
ஏசிக்கு அலையவில்லை யாரும்.
சம்பளம் அவளுக்கு ஐந்நூறு அதிகம்.
உட்கார ஸ்டூல் எங்களுக்கு உண்டு, கால் ஆடும்.
பாத்ரூம் சாவி
அங்கே மேனேஜரிடம்,
இங்கே மேனேஜர் மச்சானிடம்.

ஐப்பசியில் பருப்புச் சண்டை வந்தது.
அவர்கள் நாலு குறைத்தால் நாங்கள் ஆறு,
நாங்கள் ஆறென்றால் அவர்கள் எட்டு.
வாசலில் பலூன் கட்டினார்கள்.
குறைத்த காசு எங்காவது இருந்து வரவேண்டுமே:
முதலில் ஓவர்டைம் போனது,
அப்புறம் ஸ்டூல்.
தீபாவளி போனஸ் என்று யாரும் வாயெடுக்கவில்லை.

"அவங்களாண்ட நூத்தி எழுபதுன்னு சொல்லிடு," என்றாள்.
"நானும் அதான் சொல்லப் போறேன்."
வடையைப் பிட்டபடி சொன்னாள்,
பெரிய விஷயம் மாதிரியே இல்லை.

கொருக்குப்பேட்டையில் மூன்று வாரம்
துவரம்பருப்பு நூற்று எழுபதில் நின்றது.
வரத்து குறைவென்றார்கள், மழை என்றார்கள்.
நாங்கள்தான்.
ஸ்டூல் திரும்பி வந்தது, ஆட்டத்தோடு.

எங்கள் வீட்டில் கொதிப்பது ரேஷன் பருப்பு.
அவள் வீட்டிலும்.
கல் இருக்கும், வரிசையில் திட்டு விழும்,
கைரேகை பதியாவிட்டால் அதுவும் இல்லை.
அந்த விலையை எடுக்க
எங்களை யாரும் அனுப்புவதில்லை.

நேற்று ஒரு அம்மா என் கவுண்டரில்
ஒரு கிலோவை அரைக் கிலோவாக மாற்றச் சொன்னாள்.
பிறகு
அரைக் கிலோவையும் எடுத்துவிடச் சொன்னாள்.
நான் பில் மெஷினில்
புதுக் காகிதச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தேன்.
அது மாட்ட எப்போதும் நேரமாகும்.
நேற்று
இன்னும் கொஞ்சம் ஆனது.